இடப்பக்கம் சேறு

“அவன்கிட்ட நான் எதுக்கு மேடம் பேசணும்? அதான் ஷிப்ட் நோட்டுல எழுதியிருக்கேனே!” என்றார் ஹார்ன்.

“எழுதியிருக்கீங்க. வாசிக்கட்டுமா? ‘மண்: களிமண். மிஷின்: சரி.’ பதினாலு மாசமா இதே ரெண்டு வரி. என் பையனோட லீவ் லெட்டர்கூட இதைவிட நீளமா இருக்கும்.”

தலைமை இன்ஜினியர் நோட்டை மூடி மேஜைமேல் போட்ட வேகத்தில் பேனா ஸ்டாண்டு சாய்ந்து விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. எதிரே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் ஹார்ன், இன்னொன்றில் மில்லி. நடுவில் மூன்றாவது ஆள் ஒருவர் சம்மணம் போட்டு உட்காரலாம், அவ்வளவு இடைவெளி. ஹார்ன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மில்லி ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். காலை ஐந்தரை மணிக்கு ஜன்னலிலும் ஒன்றும் இல்லை, ஃபேனும் ஓடவில்லை.

இரண்டு பேரும் சகலைகள். அக்காவைக் கட்டியவர் ஹார்ன், தங்கையைக் கட்டியவன் மில்லி. ஒரே வீட்டில் கீழே ஒரு குடும்பம், மாடியில் ஒரு குடும்பம். அது போதாது என்று ஒரே மிஷினில் காலை ஆறு முதல் இரண்டு வரை இவர், இரண்டு முதல் பத்து வரை அவன். ராத்திரி மிஷினுக்கு ஓய்வு.

சாதாரண மிஷின் இல்லை. ஊருக்கு இருபது மீட்டர் கீழே மெட்ரோவுக்குச் சுரங்கம் குடைகிற மிஷின். முன்னால் ஒரு வீட்டு உயரத்துக்குச் சுழலும் தலை. அது மண்ணைச் சுரண்ட, பின்னால் கான்கிரீட் துண்டுகளை வட்டமாகச் சேர்த்து ஒரு ரிங் போடுவார்கள். அந்த ரிங்கிலேயே ஜாக்கிகளை ஊன்றி மிஷின் தன்னைத்தானே முன்னால் தள்ளிக்கொள்ளும். அடுத்த ரிங், அடுத்த தள்ளு. இடப்பக்க ஜாக்கியை அழுத்தினால் மூக்கு வலதுபக்கம் திரும்பும். வலதை அழுத்தினால் இடதுபக்கம். படகில் துடுப்புப் போடுகிற மாதிரிதான், என்ன, இந்தப் படகு நானூறு டன்.

“பத்து நாள் முன்னாடி வரைக்கும் கோடு நூல் பிடிச்ச மாதிரி போச்சு,” என்றார் தலைமை இன்ஜினியர். “அப்புறம் என்ன ஆச்சு? கோட்டிலேருந்து இடது பன்னெண்டு மில்லிமீட்டர், வலது பத்தொம்பது, இடது முப்பத்தொண்ணு, இப்ப வலது முப்பத்தெட்டு. நீங்க ரெண்டு பேரும் சுரங்கம் போடறீங்களா, பாம்பு வரையறீங்களா?”

“நான் குடுக்கறப்ப சரியா இருக்கு மேடம்,” என்றான் மில்லி. “திரும்பி என் கைக்கு வர்றப்ப எட்டு மில்லி, பத்து மில்லி தள்ளி வருது.”

“சொல்லுவான், சொல்லுவான்,” என்றார் ஹார்ன், ஜன்னலிடம்.

“கேளுங்க ரெண்டு பேரும். இன்னும் நூறு ரிங். அப்புறம் ஸ்டேஷன் சுவர். அந்தச் சுவத்துல நமக்காக ஒரு வட்டம் விட்டு வச்சிருக்காங்க. கோட்டிலேருந்து அம்பது மில்லி தாண்டினா மிஷினோட தலை வட்டத்து ஓரத்துல போய் முட்டும். முட்டினா என்ன ஆகும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.” ஒரு விரலை நீட்டினார். “அடுத்த லைனுக்கு ஒரே ஒரு மிஷின் வருது. அதுக்கு ஒரே ஒரு லீட் ஆபரேட்டர். இன்னிலேருந்து அம்பது யார் கையில தாண்டுதோ அவர் தரைமேல இருக்கிற சரக்கு யார்டுக்குப் போயிடலாம். சீட்டு இன்னொருத்தருக்கு. அவ்வளவுதான், போங்க.”

கதவு வரைக்கும் இருவரும் சேர்ந்து வந்து, யார் முதலில் வெளியே போவது என்று தெரியாமல் அரை நிமிடம் நின்றார்கள்.

*

ஹார்ன் என்பது அவராக வைத்துக்கொண்ட பெயர் இல்லை. பதினெட்டு வருஷம் பஸ் ஓட்டியவர். மெட்ரோ வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தானும் மனு போட்டு, மாடியில் சும்மா இருந்த சகலையையும் மனு போட வைத்தவர். பயிற்சி வகுப்பின் முதல் நாள். நாற்பது பேர். “வளைவுல மிஷினை எப்படித் திருப்புவீங்க?” என்று வாத்தியார் இவரைக் கேட்டார். இவர் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “சார், எங்க சகலை முதல்ல ஹார்ன் அடிப்பாரு!”

நாற்பது பேரும் சிரித்தார்கள். வாத்தியாரும் சிரித்தார். அன்றைக்கு ஒட்டிய பெயர், பிய்த்தாலும் வரவில்லை. சுரங்கத்துச் சிறு ரயிலின் லோகோ டிரைவர் முதல் காவலாளி வரைக்கும் “ஹார்ன் அண்ணே, குட்மார்னிங்”தான். பதிலுக்கு இவரும் ஒரு பெயர் வைத்தார். அந்த ஆள் மனைவியிடம்கூட மில்லிமீட்டரில்தான் பேசுவான் என்று சொல்லி, மில்லி. அதுவும் ஒட்டிக்கொண்டது. ஆனால் மில்லி என்று கூப்பிட்டால் அவன் பெருமையாகத் திரும்பிப் பார்க்கிறான். அதுதான் வயிற்றெரிச்சல்.

அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. அப்படியென்றால் மிஷின் எப்படி நேராகப் போனது? அதுதான் ஆபீசில் ஒருவருக்கும் தெரியாது. அது போனது சமையலறை வழியாக.

ஹார்ன் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக்கொண்டே மனைவியிடம் சொல்வார். மனைவி சமையலறை ஜன்னலைத் திறந்து மாடியைப் பார்த்துக் கத்துவாள்: “ஏண்டி, இவருக்கு மூக்கு கொஞ்சம் கீழ தொங்குதாம். உன் வீட்டுக்காரரை மேல தூக்கிப் பிடிக்கச் சொல்லு!” தங்கை சுரங்கத்து போனில் மில்லியைக் கூப்பிட்டுச் சொல்வாள். ராத்திரி மில்லி வந்ததும் அவன் பங்குக்கு அவள் கத்துவாள்: “அக்கா, அவருக்கு வலதுபக்கம் கல்லு இடிக்குதாம். மாமாவை மெதுவா போகச் சொல்லு!” பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, “உங்க ரெண்டு பேர் வீட்டுக்காரருக்கும் மூக்குல என்னம்மா கோளாறு? நல்ல டாக்டர் ஒருத்தர் இருக்காரு,” என்று விசாரித்தாள். அப்படி நாலாயிரம் ரிங் நேராகப் போனது.

பிறகு பத்து நாள் முன்பு, மில்லியின் மகள், நாலு வயசு, மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு ஹார்ன் உள்ளே நுழையும்போது, “பாம்! பாம்! ஹார்ன் பெரியப்பா வந்தாச்சு!” என்றது.

“யாருடி சொல்லிக்குடுத்தா?” என்றாள் அக்கா.

“அப்பா.”

மேலே நின்ற தங்கை சிரித்துவிட்டாள். கண்ணீர் வரச் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் எல்லாம். அக்கா ஜன்னலைச் சாத்தியவள் திறக்கவே இல்லை. தண்ணீர் மோட்டார் ஸ்விட்ச் கீழே, டேங்க் வால்வு மேலே. இவள் ஸ்விட்சைப் போடவில்லை, அவள் வால்வைத் திறக்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் இல்லை. தெருமுனைக் குழாயிலிருந்து குடம் தூக்கினார்கள், தனித்தனியாக, வேறு வேறு நேரத்தில்.

கீழே சுரங்கம் பாம்பாக நெளிய ஆரம்பித்தது.

*

அன்றைக்கு ஹார்ன் கேபினில் உட்கார்ந்தபோது திரையில் வலது முப்பத்தெட்டு. வலப்பக்க ஜாக்கிகளை அழுத்தி, மூக்கை மெல்ல இடதுபக்கம் இழுத்துக்கொண்டு வந்தார். ஒரு ரிங்குக்கு முக்கால் மணி நேரம். முப்பத்தைந்து. முப்பத்திரண்டு. ஒழுங்காகத்தான் வந்தது.

பதினோரு மணிக்கு மேல், குடைந்த மண்ணை வெளியே கொண்டுபோகும் பெல்ட்டில் மண்ணின் நிறம் மாறியது. சாம்பல் களிமண் போய், கறுப்பாக, கொழகொழவென்று ஒரு சேறு. கேபின் கதவு சாத்தியிருந்தும் அழுகிய நாற்றம் உள்ளே வந்தது. அதே சமயம் மிஷின், அவர் ஒன்றும் செய்யாமலே, தானாக இடதுபக்கம் சாய ஆரம்பித்தது. முப்பது, இருபத்தெட்டு, இருபத்தைந்து.

பஸ் ஓட்டியவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். ஒருபக்க டயர் சேற்றில் இறங்கினால் ஸ்டியரிங் அந்தப்பக்கம் இழுக்கும். எப்போதோ மூடிப்போன குளம் ஒன்று அங்கே இருந்திருக்க வேண்டும். இடதுபக்கம் முழுக்கச் சேறு. இனி மிஷினை இடதுபக்கம் இழுக்க வேண்டியதே இல்லை, அதுவாகவே போகும். இறக்கத்தில் பிரேக்கில் கால் வைத்துக்கொண்டு இறங்குகிற மாதிரி பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. ஹார்ன் வலது ஜாக்கிகளை விட்டுவிட்டு, இடது ஜாக்கிகளை அழுத்திப் பிடித்தார். மிஷின் அடங்கியது. இரண்டு மணிக்கு வலது இருபத்திரண்டில், பசு மாதிரி நின்றது.

நோட்டை எடுத்தார். ‘மண்’ என்ற கட்டத்துக்கு நேரே பேனாவை வைத்தார்.

அப்போதுதான் அது தோன்றியது.

மில்லி வந்து உட்காருவான். திரையைப் பார்ப்பான். மிஷின் ஏற்கெனவே வலதுபக்கம் இருபத்திரண்டு தள்ளி இருக்கிறது. சகலை என்ன செய்து வைத்திருக்கிறார்? இடது ஜாக்கியை அழுத்தி இன்னும் வலதுபக்கமே தள்ளிக்கொண்டிருக்கிறார்! அவன் என்ன நினைப்பான்? ஐம்பது என் கையில் தாண்டட்டும் என்று கிழவன் வேலை வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்றுதான் நினைப்பான். உடனே எல்லாவற்றையும் மாற்றி வலது ஜாக்கியை அழுத்துவான். மூக்கு சேற்றுக்குள் பாயும். இரண்டு ரிங்கில் கோட்டைத் தாண்டி இந்தப்பக்கம் வரும், ஐந்தாறு ரிங்கில் இடது ஐம்பது. அவன் கையில். இவர் ஒரு குண்டூசியைக்கூடத் தப்பாக வைக்கவில்லை. எல்லாம் சரியாக வைத்துவிட்டு, சும்மா எழுந்து போனால் போதும்.

‘மண்: களிமண். மிஷின்: சரி.’

பேனாவை மூடினார்.

சுரங்கத்து நடைபாதையில் மில்லி எதிரே வந்தான். ஒரு ஆள் போகிற அகலம்தான். இருவரும் பக்கவாட்டில் திரும்பி, ஒருவர் முதுகை இன்னொருவருக்குக் காட்டிக் கடந்தார்கள். மில்லியிடமிருந்து ஷேவிங் லோஷன் வாசனை வந்தது. இரண்டு குடம் தண்ணீரில் குளித்துவிட்டு அதையும் பூசிக்கொண்டு வருகிறான் பார், என்று நினைத்துக்கொண்டார் ஹார்ன்.

*

வீட்டுக்குப் போகும் வழி சுரங்கத்துக்கு மேலேயே போகிறது. எந்தக் கடைக்குக் கீழே மிஷின் நிற்கிறது என்று அவருக்குக் காலடி எண்ணியே தெரியும். இன்றைக்கு ஒரு தையல்கடை. உள்ளே இரண்டு பேர் தலை நிமிராமல் மிதித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஒரு பெண் ஒரு சட்டையை வெளிச்சத்தில் பிடித்து, “கை ஒண்ணு நீளம் ஒண்ணு கட்டையா இருக்கே,” என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். தார் ரோடு. ரோட்டில் அளவுக்காக அடித்த ஆணி, அதைச் சுற்றி மஞ்சள் வட்டம். அதன்மேல் ஒரு சைக்கிள் நின்றது.

கீழே சேறு இளகி மிஷின் அதைத் தாறுமாறாக உறிஞ்சினால் இந்த ரோடு உள்வாங்கிவிடும் என்று அவருக்குத் தெரியும். ‘அவன் கையில ஆகுது. எனக்கென்ன,’ என்று நாலு எட்டு வைத்தார். ஐந்தாவது எட்டு கனத்தது.

வீட்டில் மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் சாத்தியே இருந்தது.

“மாடிக்கு ஒரு விஷயம் சொல்லணும்,” என்றார்.

“அந்த ஜன்னல் துருப்பிடிச்சிடுச்சு.”

“விளையாடாதே. இடதுபக்கம் சேறு. நான் பிடிச்சு வச்சிருக்கிற ஜாக்கியை எடுக்க வேண்டாம்னு சொல்லு. சொன்னா போதும்.”

“அங்க நோட்டு இருக்கு, பேனா இருக்கு. எழுதிட்டு வர்றதுக்கு என்ன?”

ஹார்ன் சாத்திய ஜன்னலைப் பார்த்தார். அவள் கத்தியை நிறுத்தினாள். இருபது வருஷக் குடித்தனம், முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

“வேணும்னே எழுதலையா?”

ஹார்ன் ஒரு காய்த் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“நல்ல காரியம்.” மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். “முட்டட்டும். எங்க முட்டணுமோ அங்க முட்டட்டும். என் புருஷனை என் வாசல்ல வச்சு இவ பொண்ணு பாம் பாம்னு சொல்லும், இவ மேல நின்னு பல்லைக் காட்டுவா. நான் போய்ச் சேதி சொல்லணுமா? அவ வந்து இந்த வாசல்ல நிக்கட்டும், அப்புறம் பாக்கலாம்.”

மணி மூன்றே முக்கால். ஹார்ன் செருப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினார். இந்த வீட்டுக்கு வந்த பிறகு பத்தாவது படிக்கு மேல் அவர் போனதே இல்லை. பதினோராவது படி உடைந்திருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

கம்பிக் கதவுக்கு அந்தப்பக்கம் தங்கை வந்து நின்றாள். பூட்டைத் திறக்கவில்லை.

“வாங்க மாமா. வழி தவறி வந்துட்டீங்களா?”

“உன் வீட்டுக்காரனுக்கு போன் போடு.”

“நீங்களே போடலாமே. நம்பர் வேணுமா?”

“தாயே, சண்டையை அப்புறம் போடலாம். இடதுபக்கம் சேறு, வலது ஜாக்கியைத் தொடாதேன்னு சொல்லு. அப்படியே சொல்லு.”

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு உள்ளே போய் போனை எடுத்து வந்து, அவர் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். சுரங்கத்து போன் நாலு தடவை அடித்து எடுத்தது. அவள் சொன்னாள், வார்த்தை மாறாமல். அந்தப்பக்கம் மிஷின் இரைச்சல். பிறகு மில்லியின் சிரிப்பு.

“யாரு சொன்னது? அவரா? பக்கத்துலயே நிக்கிறாரா? கேட்டுக்கோங்க. வந்து உக்காந்து பாக்கறேன், ஏற்கெனவே வலது இருபத்திரண்டு, அதுக்கு மேல வலதுபக்கமே தள்ளி வச்சிட்டுப் போயிருக்காரு. நான் மட்டும் பாக்காம விட்டிருந்தா இந்நேரம் அம்பது. இப்ப எல்லாத்தையும் மாத்திட்டேன், ஜம்முனு கோட்டுக்கு வந்துட்டிருக்கு. உடனே பதறிப்போய் மாடி ஏறிட்டாரு, தொடாதேன்னு! அவரு தொடாதேன்னா நான் ரெண்டு கையாலயும் தொடுவேன்னு சொல்லு.”

போன் கட்டானது.

“கேட்டீங்க இல்ல?” என்றாள் தங்கை.

“டேய் மடையா!” என்றார் ஹார்ன், கட்டான போனைப் பார்த்து. கதவுக்குப் பின்னாலிருந்து அந்தக் குழந்தை எட்டிப் பார்த்து, மிக மெதுவாக, “பாம்,” என்றது.

*

மறுபடி தையல்கடையைத் தாண்டி, மறுபடி சுரங்க வாய்க் குழியில் இறங்கி, லோகோவுக்குக் காத்திருக்காமல் சுரங்கத்தில் ஓட்டமும் நடையுமாகப் போய், அவர் கேபின் கதவைத் திறந்தபோது மணி ஐந்தே கால். கேபின் ஒரு குளியலறை அளவுதான். ஒரு சீட்டு, ஒரு திரை, இரண்டு வரிசை ஜாக்கி பட்டன்கள். திரையில் இடது முப்பத்தாறு.

மில்லியின் கழுத்தெல்லாம் வியர்வை. ஷேவிங் லோஷன் வாசனை போய்விட்டிருந்தது.

பதினாலு மாசத்துக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் பேசிய முதல் வார்த்தைகள் இவை:

“என்ன, நான் முட்டறதை வேடிக்கை பாக்க வந்தீங்களா?”

“உன் மூஞ்சியைப் பாக்க யாருடா வருவா? வலதை விடுடா!”

“எப்பவோ விட்டாச்சு! விட்டும் நிக்க மாட்டேங்குது. என்னத்தைப் பண்ணி வச்சிட்டுப் போனீங்க?”

“நானா பண்ணேன்? மண்ணைப் பாத்தியா நீ? கண்ணு எங்க இருந்துச்சு?”

“திரையில இருந்துச்சு! வேற எங்க இருக்கணும்?”

ஹார்ன் வெளியே போய், ஓடுகிற பெல்ட்டிலிருந்து ஒரு கை கறுப்புச் சேற்றை அள்ளி வந்து, திரையின் நட்டநடுவில், அதற்குள் முப்பத்தெட்டாகியிருந்த எண்ணின் மேலேயே அப்பினார். சேறு வழிந்து பட்டன்கள்மேல் சொட்டியது.

“மோந்து பாரு. குளத்துச் சேறு. இடதுபக்கம் பூரா இதுதான். நான் வலதுபக்கம் தள்ளலடா, பிரேக் பிடிச்சிருந்தேன்!”

மில்லி மோந்து பார்த்தான். முகம் மாறியது. பிறகு சட்டைக் கையால் திரையைத் துடைத்தான். இடது நாற்பத்திரண்டு.

“இதை ரெண்டு மணிக்குச் சொல்றதுக்கு என்ன கேடு உங்களுக்கு?”

ஹார்ன் கையிலிருந்த சேற்றை உதறினார். நாற்பத்துமூன்று.

மில்லி இடது ஜாக்கிகளை முழுசாக அழுத்தினான். மிஷின் உறுமியது, மூக்கு திரும்பவில்லை. நாற்பத்துநாலு. இந்தச் சாய்வில் நிறுத்தினால் இன்னும் சரியும். சேற்றில் அழுத்தினால் உடனே கேட்காது, ரிங் உடையாமல் எவ்வளவு அழுத்தலாம், எப்போது வேகத்தைக் குறைக்கலாம் என்பதெல்லாம் கையில் இருக்கிற விஷயம். காலையில் மூன்று மணி நேரம் அதைப் பிடித்தவர் ஒருவர்தான்.

மில்லி சீட்டிலிருந்து எழுந்தான்.

“உக்காருங்க.”

ஹார்ன் அவனைப் பார்த்தார். ஐம்பது யார் கையில் தாண்டுதோ. இன்னும் ஆறு மில்லி இருக்கிறது. இந்த ஆள் தோற்றுப்போய் எழுகிறானா, தப்பித்துக்கொண்டு எழுகிறானா?

“தெரிஞ்சுதான் கூப்பிடறியா?”

“உங்களுக்கு மண்ணு தெரியும். எனக்குத் தெரியாது.” அதை அவன் ஹார்னின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. “உக்காரலன்னா போங்க. சும்மா நின்னு என் காத்தை இழுக்காதீங்க.”

நாற்பத்தைந்து.

ஹார்ன் உட்கார்ந்தார். சீட்டு சூடாக இருந்தது. வேகத்தைப் பாதியாகக் குறைத்தார். தலையின் சுழற்சியைக் குறைத்தார். இடது ஜாக்கிகளை ஒவ்வொன்றாக, கீழிருந்து மேலே, விட்டு விட்டு அழுத்தினார். நாற்பத்தாறு. பொறு. நாற்பத்தேழு. மில்லி மூச்சுவிடும் சத்தம் பிடரியில் கேட்டது. “தள்ளி நில்லுடா.” நாற்பத்தொன்பது. மிஷின் ஒரு முனகல் முனகியது. ஐம்பது. ஐம்பதிலேயே நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

ஐம்பத்தொன்று.

பிறகு ஐம்பது. பிறகு நாற்பத்தெட்டு. ஆறு மணிக்கு நாற்பத்தொன்றில் மூக்கு நிமிர்ந்து, வந்த வழியே திரும்ப ஆரம்பித்தது. ஹார்ன் கையை எடுத்துப் பேன்ட்டில் துடைத்தார். எழுந்தார். மில்லி உட்கார்ந்தான்.

*

மறுநாள் காலை அதே அறை, அதே இரண்டு நாற்காலிகள். பேனா ஸ்டாண்டு இன்னும் சாய்ந்தே கிடந்தது.

“அஞ்சே முக்காலுக்கு அம்பத்தொண்ணு,” என்றார் தலைமை இன்ஜினியர். “யார் கையில?”

ஹார்ன் மில்லியைத் திரும்பிப் பார்த்தார். மில்லி ஃபேனைப் பார்த்தான். இன்றைக்கு ஃபேன் ஓடியது.

“அஞ்சரைக்கு முன்னாடியே நான் எழுந்துட்டேன் மேடம். அப்புறம் ஆறு மணி வரைக்கும் சீட்டுல இருந்தது சகலைதான்.”

பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ‘ஆனா நான்தான் உக்காரச் சொன்னேன்’ என்று அடுத்த வரி வரும் என்று ஹார்ன் காத்திருந்தார். ஃபேன் சுற்றியது. அந்த ‘ஆனா’ வரவே இல்லை.

ஹார்ன் வாயைத் திறந்தார். சேறு, பிரேக், போன், பெல்ட்டிலிருந்து அள்ளியது எல்லாவற்றையும் சொல்ல இருந்தார். தலைமை இன்ஜினியர் முந்திக்கொண்டார். நோட்டைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார்.

“மண் எத்தனை மணிக்கு மாறுச்சு?”

“பதினோரு மணிக்கு மேல, மேடம்.”

“ரெண்டு மணிக்கு நீங்க எழுதினது என்ன? வாசிங்க.”

ஹார்ன் வாசித்தார். “மண்: களிமண். மிஷின்: சரி.”

தலைமை இன்ஜினியர் நோட்டை மூடினார்.

ஆறு நாள் கழித்து மிஷின் ஸ்டேஷன் சுவரை உடைத்துக்கொண்டு வட்டத்தின் நடுவில் வந்து நின்றது. இடது நாலு மில்லி. எல்லோரும் கைதட்டினார்கள். போட்டோவில் சீட்டில் மில்லி இருந்தான். அடுத்த லைனின் சீட்டும் அவனுக்கே போனது.

ஹார்ன் இப்போது மேலே யார்டில் இருக்கிறார். கான்கிரீட் துண்டுகளை லாரியிலிருந்து தூக்கி அடுக்குகிற பெரிய கிரேன். அதற்கு ஒரு விதி உண்டு. ஒவ்வொரு தடவை நகர்த்துவதற்கு முன்பும் ஆபரேட்டர் கட்டாயம் ஹார்ன் அடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு எப்படியும் இருநூறு தடவை. முதல் நாள் யார்டில் யாரும் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

அக்காவும் தங்கையும் மூன்றாவது வாரமே சமாதானமாகிவிட்டார்கள். எத்தனை நாள்தான் குடம் தூக்குவது? மோட்டார் ஓடியது, வால்வு திறந்தது, ஜன்னலும் திறந்தது. ஆண்கள் மட்டும் படியில் எதிரெதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு கடந்தார்கள்.

இன்று மத்தியானம் ஹார்ன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேலேயிருந்து தங்கை குரல் வந்தது. “அக்கா! புது லைன்ல அவருக்குக் காலையிலேருந்து கறுப்புச் சேறு வருதாம். இந்தத் தடவை வலதுபக்கமாம். மூக்கு நிக்க மாட்டேங்குதாம். ஜாக்கியை எந்த வரிசையில, எவ்வளவு விட்டு விட்டு அழுத்தணும்னு மாமாகிட்ட கேட்டுச் சொல்லேன். சீக்கிரம் கேளு, போன்லயே இருக்காரு!”

மனைவி கரண்டியோடு ஜன்னலுக்கும் சாப்பாட்டுத் தட்டுக்கும் நடுவில் நின்றாள். “என்னங்க சொல்லட்டும்?”

ஹார்ன் ஒரு கவளத்தை வாயில் போட்டு மெதுவாக மென்றார். விழுங்கினார். தண்ணீர் குடித்தார். மேலே தங்கை, “அக்கா, நாப்பத்தொண்ணாம்!” என்றாள்.

அவருக்கு வரிசை தெரியும். கீழிருந்து மேலே. எவ்வளவு விட வேண்டும் என்பதும் விரலில் அப்படியே இருக்கிறது. வாயைத் திறந்தால் பத்து வார்த்தை. பதினாலு மாசமாகப் பேசாத பேச்சும், அன்றைக்கு வராத அந்த ஒரு ‘ஆனா’வும் குறுக்கே நிற்கின்றன. புது லைனுக்கு மேலே இருக்கிற ரோட்டிலும் யாரோ ஒருத்தி சட்டைக் கையின் நீளத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருப்பாள்.

“அக்கா, நாப்பத்துமூணு!”

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள், சொல்லுங்கள் சீக்கிரம்: சொல்லிவிடுவீர்களா, இல்லை, முதலில் அந்த ‘ஆனா’வைச் சொல்லச் சொல்லு என்று மாடிக்குத் திருப்பி அனுப்புவீர்களா?